கிராம்பு அதக்கும் கோபாலகிருஷ்ணன்

கிராம்பு ஒன்றைக் கடைவாயில் அதக்கிக்கொண்ட பிறகுதான் கோபாலகிருஷ்ணன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். சட்டைப் பையில் ஒரு பழைய விபூதி டப்பா இருக்கும். அதில் விபூதி கிடையாது, கிராம்புதான். நான் ஸ்கூட்டரை நிறுத்தியதும் இறங்கி, பேண்ட்டில் படிந்த புழுதியைத் தட்டிவிட்டு, டப்பாவைத் திறந்து, உடையாத கிராம்பாகப் பார்த்துப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வார். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள அந்தத் தெருவில், அவருக்குத் தீராத பல்வலி என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னாள்.

பல்லில் ஒரு கோளாறும் இல்லை. கிராம்பு வாயை அடைப்பதற்கு. ஐம்பத்து மூன்று வயதில் மறுவாழ்வு ஆலோசகர் ஆகப் படித்துக்கொண்டிருக்கும் அவருக்கு, பேசாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

கல்பாக்கம் குடியிருப்பில் அவர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். பம்ப், வால்வு, குழாய் இவற்றைப் பழுது பார்க்கும் பிரிவில் போர்மேன். எங்கே எது ஒழுகினாலும் அவருக்குப் பொறுக்காது. அந்தப் பழக்கம் மனிதர்கள் விஷயத்திலும் தொற்றிக்கொண்டதுதான் தொல்லை. "நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்பார். கேள்வி மாதிரி இருக்கும், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். காய்கறி வண்டிக்காரருக்கு வெண்டைக்காய் அடுக்கும் முறை சொல்வார். பஸ் கண்டக்டருக்குச் சில்லறை வைத்துக்கொள்ளும் விதம் சொல்வார். என் மகள் கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில், நாயனக்காரர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னவென்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் அவர் படியேறும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் எங்கள் பிளாக்கில் இருந்தார்கள்.

இப்படிப்பட்டவர் இந்தப் படிப்புக்குப் போனதற்கு ஒரு சவரம் காரணம். 2003-இல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வளைவில் கிடந்த மணலில் அவருடைய வண்டி சறுக்கியது. தொடை எலும்பு முறிந்து, மழைக்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டுவதில்லை, என் ஸ்கூட்டரின் பின்சீட்டுதான். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஆலோசனை மூன்றும் கொண்டுவந்தார்கள். நாட்டுக்கோழிச் சாறு குடி, பிரண்டை அரைத்துப் போடு, வீட்டு வாசலை மாற்று. அந்த வரிசையில் மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு ஆலோசகரான ஒரு பெண் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு இப்ப என்ன சார் வேணும்?" என்று கேட்டாளாம். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாளாம்.

"எனக்கு அழுகை வந்திடுச்சு சார். முகமெல்லாம் தாடி மண்டி அரிச்சுக்கிட்டு இருந்தது. ஷேவ் பண்ணிக்கணும், அவ்வளவுதான். அதைக் கேக்க ஒருத்தருக்கும் தோணல. சொல்லணும்னு எனக்கும் தோணல பாருங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடத்தில் தாடையைத் தடவிக்கொள்வார்.

செங்கல்பட்டில் ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் படிப்பை நடத்தியது. சனி, ஞாயிறு வகுப்பு. ஜன்னல் வழியே ஏரியும் அதை ஒட்டிப் போகும் ரயிலும் தெரியும். மாணவர்களில் நர்சுகள் இருந்தார்கள், ஒரு பாதிரியார் இருந்தார், எல்லாரும் இவரைவிடச் சின்னவர்கள். என்ன படிப்பு சார் இது என்று குடியிருப்பில் கேட்பவர்களுக்கு அவர் வைத்திருந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும். டாக்டர் உடம்பை ஒட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்த ஆள் மறுபடி வேலைக்கும் கடைத்தெருவுக்கும் கல்யாணத்துக்கும் போக வேண்டாமா, அதற்குக் கூட நிற்கிற படிப்பு என்பார்.

எழுத்துத் தேர்வில் அவர்தான் முதல். செய்முறையில் இரண்டு முறை தோற்றார். எதிரில் உட்காருகிறவர் தன் கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் தீர்த்துவைத்துவிடுவார். நோயாளியாக நடிக்க வந்த நர்ஸ் ஒருத்தி, தனக்கு எந்த உறுப்பில் அடி என்று சொல்லவே இவர் இடம் கொடுக்கவில்லை என்று புகார் செய்தாள். வகுப்பை நடத்திய பிரபாவதி அவரைவிட இருபது வயது இளையவர், போலியோவால் ஒரு காலில் இரும்புப் பட்டை போட்டு நடப்பவர், கண்டிப்பானவர். "அது அவங்க வாயிலேர்ந்து வரணும் சார், உங்க வாயிலேர்ந்து இல்ல" என்றார். அடுத்த வகுப்பில் ஒரு பெப்பர்மின்ட்டைக் கொடுத்து, இது கரையும் வரை நீங்கள் பேசக் கூடாது என்று விதி போட்டார். கோபாலகிருஷ்ணனுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மனைவி வசுமதி பெப்பர்மின்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மளிகை டப்பாவிலிருந்து கிராம்பை எடுத்துக் கொடுத்தார். கிராம்பு கரையாது என்பதில் அந்த அம்மாளுக்கும் ஒரு லாபம் இருந்திருக்கலாம்.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. யாருக்கு என்ன குறையோ அதைத் தானும் கொஞ்ச நாள் அனுபவித்துப் பார்த்துவிட வேண்டும். கண் தெரியாதவர்களைப் பற்றிய பாடம் நடந்தபோது துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தார். என் மனைவி காயப் போட்டிருந்த வடகத்தின் மேல் நடுவாக நடந்து போனார். இப்படிச் செய்தால் உங்களுக்கு உங்களைப் பற்றித்தான் தெரியும், அவர்களைப் பற்றித் தெரியாது என்று பிரபாவதி சொல்லிப் பார்த்தார். இவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பாக அவருக்குக் கொடுக்கப்பட்டவர்தான் அந்த ரயில்வே கேட்டுத் தெருவில் இருந்த சின்னராசு. நடந்ததையெல்லாம் எனக்குச் சொன்னவரும் சின்னராசுதான். கோபாலகிருஷ்ணன் மூச்சுவிட மாட்டார், வெளியே சொல்லக் கூடாது என்பது படிப்பின் விதி. எழுதும்போது பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று சின்னராசுவிடம் சொன்னேன். "ஏன், நான் இன்னா திருடனா? பேரு போட்டே எழுது சார்" என்றார்.

சின்னராசுவின் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்கள். இவர் தகடு வெட்டும் பட்டறையில் பிரஸ் ஓட்டினார். முப்பத்திரண்டு வயதில் அந்த பிரஸ் வலது கை விரல்கள் நான்கையும் எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் உள்ளங்கையும் மிச்சம். புண் ஆறிவிட்டது. முதலாளி கேட்டில் உட்காரும் வேலை தருவதாகச் சொல்லி அனுப்பினார், இவர் போகவில்லை. வலது கை மேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். மாதா கோயிலுக்குப் போவதையும் டீக்கடைக்குப் போவதையும் நிறுத்தியிருந்தார். மனைவி சாராள் வீட்டு வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினாள்.

அவருடைய அக்காவை மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் கொடுத்திருந்தது. அக்கா மகள் பெரியவளாகி மாதக்கணக்காகியும் மஞ்சள் நீராட்டு நடக்கவில்லை. தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து, முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் குடும்பத்தில் மற்றவர்கள் இலை முன் உட்காருவார்கள். நான் வரவில்லை, சீரை மட்டும் கொடுத்து அனுப்புகிறேன் என்று இவர் சொல்ல, தம்பி இல்லாமல் செய்யமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். ஊரார் அந்தப் பெண்ணைப் பார்த்து எப்போது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பந்தியில் உட்காராததால் ஒரு சிறுமி தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தாள்.

கோபாலகிருஷ்ணன் முதல் நாளே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் வலது கைக்குப் பெயரே சோத்தாங்கை. அது போனால் சோறு எதில் உண்பது? இடது கையால் நாலு பேர் முன்னால் சாப்பிட யாருக்குத்தான் கூச்சம் இருக்காது? மறுநாளே தானும் இடது கையால் சாப்பிடத் தொடங்கினார். கேண்டீனில் சாம்பார் சட்டையில் வழிய, நண்பர்கள் கை கழுவி எழுந்து போன பிறகும் உட்கார்ந்து பருக்கை பொறுக்கினார். வசுமதி அவருக்குத் தனியாக ஒரு மேஜை விரிப்பு போட்டார். கடைசியில் இட்லியும் கெட்டிச் சட்னியும் சிந்தாமல் வாய்க்குப் போய்ச் சேர்ந்த அன்று, கிராம்பைத் துப்பிவிட்டு சின்னராசு வீட்டுக்குள் போய், பீச்சாங்கையால் சாப்பிடுவது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். எந்த விரலை எங்கே மடக்குவது, ரசம் சோற்றுக்கு எப்படி அணை கட்டுவது என்பதெல்லாம் அதில் உண்டு.

சின்னராசு கேட்டுக்கொண்டே இருந்தார். கோபாலகிருஷ்ணன் கிளம்பியதும் சாராள் பின்னாலேயே தெருவுக்கு வந்தாள். நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன். தயங்கித்தான் சொன்னாள்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இனிமே வரவேணாம்னு அவரு சொல்லிகினு கீறாரு."

செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி, வீடு வரும்வரை கோபாலகிருஷ்ணன் வாய் திறக்கவில்லை. எனக்கு அது பயமாகவே இருந்தது. என்றைக்கும் பேச்சு நிற்காதா என்று ஏங்கியவன், அன்று ஏதாவது சொல்லுங்களேன் என்று கேட்டுவிட்டேன். ஒன்றுமில்லை சார் என்றார்.

பிரபாவதியிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவர் திட்டவில்லையாம். இன்னொரு முறை வரலாமா என்று சின்னராசுவிடமே கேளுங்கள், சம்மதித்தால் போங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு அங்கே வேலை இல்லை என்றாராம். சின்னராசு சம்மதித்தார். ஏன் சம்மதித்தீர்கள் என்று பிறகு நான் கேட்டதற்கு, மனுசன் பாவம் என்றார்.

அடுத்த முறை நாங்கள் போன நேரம் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. கதவு திறந்திருந்தது. சின்னராசு வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபாலகிருஷ்ணன் கிராம்போடு உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தார். சின்னராசுவின் இடது கை தட்டில் ஓடிய வேகத்தைப் பார்த்து அவருக்கு முகம் செத்துவிட்டதாம். மீனை இரண்டு விரலால் பிளந்து, நடுமுள்ளை அப்படியே உருவி ஓரம் வைத்தது அந்தக் கை. இவர் கேண்டீனில் பட்ட பாடு எதுவும் அங்கே தேவைப்படவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் சின்னராசு தலையை லேசாகத் தூக்கினார். சாராள் வந்து டம்ளரை எடுத்து, குழந்தைக்குப் புகட்டுவதுபோல அவர் வாயில் வைத்தாள்.

கோபாலகிருஷ்ணன் தன் ஒரே கேள்வியைக் கேட்டார். பந்தியில் உட்கார்ந்தால் எது கஷ்டம் என்று. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று கேட்டைத் தாண்டிப் போனது. சாராள் தட்டை எடுத்துப் போனாள், பாத்திரம் கழுவினாள், கழுவி முடித்தாள். சின்னராசு சுவரைப் பார்த்தபடியேதான் பேசினார்.

"பீச்சாங்கையால துன்றது இன்னா பெரிய விசயம் சார். தண்ணி எத்தால குடிக்கிறது? எச்சில் கையால டம்ளர எடுக்க முடியுமா? இந்தக் கையத்தான் எடுக்கணும். நல்ல நாளும் அதுவுமா அத்தன பேரு முன்னால இத்த எடுத்து வச்சா, பொண்ண யாரு பாப்பாங்க? இத்ததான் பாப்பாங்க."

துண்டை ஒரு முறை சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாராம்.

கோபாலகிருஷ்ணன் எல்லாவற்றையும் இடது கையால் செய்து பார்த்தவர், தண்ணீரை மட்டும் இத்தனை நாளும் வலது கையால் எடுத்துக் குடித்திருக்கிறார். அவருக்கு வலது கை இருந்தது, எடுத்தார், குடித்தார். அது கவனத்துக்கே வரவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறியதும் கிராம்பைத் துப்பினார். அன்று மௌனமாக வந்தவர் இன்று என் முதுகுக்குப் பின்னால் கொட்டித் தீர்த்தார். உறிஞ்சு குழல் வைக்கலாம். கைப்பிடி வைத்த டம்ளர் செய்யலாம், நானே வெல்டு வைத்துத் தருவேன். மூக்கு வைத்த கூஜா கடையிலேயே கிடைக்கும். யாருக்கு, எதற்கு என்று எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. திருக்கழுக்குன்றம் வரும்வரை பதினாலு வகை டம்ளராவது கேட்டிருப்பேன்.

உள்ளே எதையாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"ஒண்ணுகூடச் சொல்லல சார். அதுக்குத்தான் உங்ககிட்ட சொல்றேன்."

அதற்குப் பிறகு பல வாரங்கள் போய் வந்தோம். என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. பேண்ட் முழங்கால் நனைந்து ஒரு நாள் வெளியே வந்தார். இன்னொரு நாள் கிராம்பைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு, காரத்தில் கண்ணில் நீரோடு வந்தார். அது காரம் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. சின்னராசு சொன்னது இதுதான். ஒரு நாள் அவராகவே துண்டை எடுத்திருக்கிறார். ஸ்டீல் டம்ளரை உள்ளங்கைக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் கொடுத்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார். விழுந்தது, எடுத்தார், மறுபடி விழுந்தது. "சாரு இம்மாம் பெரிய வாய வச்சிகினு ஒரு வார்த்த பேசல. எனுக்கே பேஜாரா பூட்ச்சி" என்றார்.

வைகாசியில் நாள் குறித்தார்கள். சின்னராசு அழைக்க வந்தவர் வீட்டுக்குள் வராமல் எங்கள் பிளாக்குக்குக் கீழேயே நின்று பேசினார். சார் தன் பக்கத்து இலையில் உட்கார வேண்டும். கோபாலகிருஷ்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கவலையே வேண்டாம், நானும் உன் மாதிரியே இடது கையால் சாப்பிடுகிறேன், இப்போது நன்றாகப் பழகிவிட்டது என்றார்.

"வேணாம் சார். நீ சோத்தாங்கையால துன்னு. ரெண்டு பேரும் பீச்சாங்கையால துன்னா, எவன்டா இதுங்கோன்னு ஊரே பாக்கும்."

சின்னராசு சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோபாலகிருஷ்ணனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அத்தனை நாள் சட்டையில் சாம்பார் வழியப் பழகியதை ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டால் யாருக்கும் சற்று வலிக்கத்தான் செய்யும்.

பூஞ்சேரியில் பந்தல் போட்டிருந்தார்கள். கடல் காற்று விடாமல் அடித்தது. மஞ்சள் பட்டில் உட்கார்ந்திருந்த பெண் மாமனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள், பெரியவர்கள் பிடித்து உட்கார்த்தினார்கள். சின்னராசு சீர்த்தட்டை இடது முழங்கையில் தாங்கிக் கொண்டுபோய் வைத்தார். வலது கை மேல் ஒரு புதுத் துண்டு. பந்திக்குக் கூப்பிட்டதும் முதல் இலையில் அவர், அடுத்து கோபாலகிருஷ்ணன், அதற்கடுத்து நான். எங்களுக்குப் பின்னால் அக்காவின் கணவர் வீட்டார் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

தண்ணீர் பிளாஸ்டிக் டம்ளரில் வந்தது. வீட்டில் பழகியது கனமான ஸ்டீல் டம்ளர். இது தொட்டால் நசுங்குகிற வகை, பாதி தண்ணீரோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வால்வும் குழாயும் பார்க்கிற கண் அதை உடனே பார்த்துவிட்டது. கோபாலகிருஷ்ணனின் கை சட்டைப் பைக்குப் போனது. சாப்பாட்டு இலைக்கு முன்னால் கிராம்பை எங்கே போடுவது? கையை எடுத்துவிட்டார்.

சின்னராசு இடது கையால் சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். சாராள் பெண்கள் பக்கத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்து, அங்கேயே நின்றாள். துண்டு தோளுக்குப் போனது. வலது கை வெளியே வந்து இலைக்கு மேலாக நீண்டு டம்ளரைப் பற்றியது. கட்டை விரல் அழுந்தியதும் பிளாஸ்டிக் நெளிந்து தண்ணீர் விளிம்புக்கு ஏறியது.

"நான் ஒண்ணு" என்று கோபாலகிருஷ்ணன் ஆரம்பித்தார். பரிமாறுகிறவன் திரும்பிப் பார்த்தான். "இங்க கொஞ்சம் ரசம்" என்றார்.

அவருடைய இடது கை மட்டும் அவர் சொல் கேட்கவில்லை. மடியிலிருந்து எழுந்து பக்கத்து இலையை நோக்கிப் போனது. டம்ளருக்கு அரை சாண் தூரத்தில் நின்றது. பிறகு திரும்பி வந்து, தன்னுடைய இலையின் நுனியைப் பிடித்து அழுத்திக்கொண்டது. சின்னராசு தண்ணீரைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக இலை தேடி உட்காரத் தொடங்கினார்கள். கோபாலகிருஷ்ணன் தலை நிமிராமல் வலது கையால் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். காற்று நின்ற பிறகும் இலை நுனியில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை.